பிளானரில் எழுதியும் ஏன் கோட்டை விடுகிறோம்?

ஆண்டு முடியும்போது இங்கே சிங்கப்பூரில் அலுவலகத்தில் யாராவது ஒருவர் புது பிளானரோடு வந்து நிற்பார். மார்ச் பள்ளி விடுமுறைக்குள் அது இழுப்பறைக்குள் போய்விடும். எழுத மறப்பது, வீட்டில் வைத்துவிட்டு வருவது எல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எழுதியும் கோட்டை விடுகிறார்களே, அதைத்தான் பேச வேண்டும்.

கடைசி நாளில் மட்டும் குறிப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வரும். கூட வேலை பார்க்கும் தங்கை ஒருத்தி, மகனின் சிங்கப்பூர் பாஸ்போர்ட் காலாவதியாகும் தேதியைச் சிவப்பு மையில் அழகாக எழுதி வைத்திருந்தாள். எங்கே? பிளானரின் கடைசிப் பக்கத்தில், ‘அடுத்த ஆண்டு பிப்ரவரி 9’ என்று. டிசம்பர் விடுமுறைக்குத் திருச்சி டிக்கெட்டும் எடுத்தாயிற்று. இந்திய இ-விசாவுக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, போய் இறங்கும் நாளிலிருந்து பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டுமாம். பயணத் தேதியை மாற்றக் கட்டிய பணத்தைச் சொன்னால் வயிறு எரியும். “எழுதித்தான்க்கா வச்சிருந்தேன்” என்றாள். அதுதானே கோபமே!

வீட்டில் எல்லாருடைய பாஸ்போர்ட்டும் ஒன்றாகக் காலாவதியாகாது. 2021 அக்டோபர் முதல் விண்ணப்பித்த 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குப் பத்து ஆண்டு, பிள்ளைகளுக்கு ஐந்தே ஆண்டு. ஆகவே தேதியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். பிப்ரவரியிலிருந்து ஆறு மாதம் போனால் ஆகஸ்ட். டிக்கெட் எடுக்கும் முன்பே புதுசு கையில் இருக்க வேண்டுமென்றால் ஜூன். ‘மகனுக்குப் புகைப்படம் எடு, பாஸ்போர்ட் விண்ணப்பி’ என்று ஜூன் முதல் வாரத்தில் எழுதியிருந்தால் வேலை முடிந்திருக்கும்.

வருமான வரிக் கணக்குக் காட்டுவதும் இப்படித்தான். கடைசி நாளான ஏப்ரல் 18 கட்டத்தில் ‘வரி’ என்று எழுதி என்ன பயன்? அறை வாடகைக்கு விடுகிறவர் மார்ச் கடைசியில் ஒரு மாலையை ஒதுக்கி, ‘வாடகைக் கணக்கு, ரசீதுகள்’ என்று எழுதட்டும். வேலை தொடங்கும் நாளுக்குத்தான் பெரிய எழுத்து. கெடு நாளுக்கு ஒரு புள்ளி போதும்.

ஊர் டைரியை நம்புவது

ஊரிலிருந்து வரும் டைரியில் ஜனவரி 26 சிவப்பாக இருக்கும், பொங்கலும் இருக்கும். இங்கே தைப்பூசத்துக்கே 1968 முதல் பொது விடுமுறை கிடையாது. காவடி எடுப்பவர் விடுப்புக்கு எழுதிக் கொடுக்கும் நாளையும் குறித்தாக வேண்டும். மனிதவள அமைச்சு அறிவிக்கும் 11 நாள்களை முதல் வேலையாகக் கையால் எழுதிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் திங்களும் லீவு, அதையும் சேர்த்து.

பாதி போனில், பாதி தாளில்

பலதுறை மருந்தகத்திலிருந்து (பாலிகிளினிக்) டாக்டரைப் பார்க்கும் நாள் பற்றிக் குறுஞ்செய்தி வந்தால், கையோடு பிளானரில் ஏற்றுங்கள். ‘அப்புறம் எழுதலாம்’ என்றால் போச்சு.

ஸ்டிக்கர்

ஒட்டுங்கள். எழுதக் கொஞ்சம் இடம் விடுங்கள்.

எல்லாவற்றுக்கும் பேனா

மெல்லிய ஜப்பானியத் தாளில் ஜெல் மை காய நேரமாகும். உடனே மூடினால் எதிர்ப்பக்கத்தில் அப்பிக்கொள்ளும். அதைவிடப் பெரிய தொல்லை அடித்தல் திருத்தல். உறவில் கல்யாணத் தேதி என்று போனில் யார் சொன்னாலும், மண்டபம் உறுதியாகும்வரை பென்சில்தான்.