காசா மிலாவை ஒரு சைட் ஆள் பார்ப்பது எப்படி

முப்பது வருஷம் கட்டிட சைட்டில் நின்றவன் நான். சுவரைப் பார்த்தாலே, அது நேராக நிற்கிறதா என்று பார்க்கக் கை தூக்குக்குண்டைத் தேடும். மகளைப் பார்க்க ஸ்பெயினின் பார்சிலோனா போனபோது, அங்குள்ள காசா மிலா என்ற கட்டிடத்தின் முன்னால் அந்தக் குண்டுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. நீங்கள் போனால் இப்படிப் பாருங்கள்.

டிக்கெட் எடுக்குமுன் வானிலையைப் பாருங்கள். மழை வந்தால் மொட்டைமாடியை மூடிவிடுவார்கள். முதல் தடவை நான் அப்படித்தான் ஏமாந்தேன்.

டயகனல் மெட்ரோவில் இறங்கி, முதலில் எதிர்ச் சாரியில் நில்லுங்கள். கட்டிடக் கலைஞர் கௌடி 1906இல் தொடங்கி 1912இல் முடித்த அடுக்குமாடி இது. கல்லில் அலை அடிக்கிறது. பால்கனிக் கம்பியெல்லாம் கரை ஒதுங்கிய கடற்பாசி. ஊர்க்காரர்கள் கேலியாக ‘லா பெட்ரேரா’, அதாவது கல்குவாரி என்றார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இவ்வளவு கல்லும் மேல் தளங்களின் பாரத்தைத் தாங்கவில்லை, அதை உள்ளே இருக்கும் தூண்கள் பார்த்துக்கொள்கின்றன. முகப்பை இஷ்டத்துக்கு வளைத்தது அதனால்தான்.

மேலே போனால் எல்லோரும் தலைக்கவசம் போட்ட வீரர்கள் மாதிரி நிற்கும் புகைபோக்கிகளைப் படம் எடுப்பார்கள். எடுங்கள். உடைந்த பாட்டில் துண்டு பதித்தவையும் உண்டு. அப்புறம் காலடியைப் பாருங்கள். தளம் ஏன் படி படியாக ஏறி இறங்குகிறது? (முழங்கால் வலிக்காரர்கள் கைப்பிடியை விடவேண்டாம்.)

விடை கீழே, முன்பு துணி துவைத்துக் காயப்போட்ட பரணில். அங்கே 270 செங்கல் வளைவுகள். மகளின் கழுத்துச் சங்கிலியை வாங்கி இரண்டு நுனியையும் பிடித்துத் தொங்கவிட்டேன். அந்தத் தொங்கலைத் தலைகீழாக்கினால் அதுதான் வளைவு. சங்கிலியில் இழுவிசை மட்டும். கவிழ்த்தால் அழுத்தம் மட்டும். அழுத்தத்தைத் தாங்கச் செங்கல்லே போதும், உள்ளே கம்பி தேவையில்லை. கைகளை அகட்டினால், நெருக்கினால் தொங்கலின் உயரம் மாறும். பரணிலும் அகலத்துக்கேற்ப வளைவு ஏறி இறங்குகிறது, அதன் முதுகில்தான் மொட்டைமாடி.

குடியிருப்புத் தளத்தைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். “இந்த வளைந்த சுவரில் பீரோவை எங்கே சாத்துவது?” என்றாள் என் மனைவி. நியாயமான கேள்வி.

வெளியே வந்ததும் நடைபாதையில் குனியுங்கள். அறுகோணக் கல், அதுவும் கௌடி வரைந்ததே. ஒரு கல்லில் படம் முடியாது. பக்கத்துக் கற்களையும் சேர்த்துப் பார்த்தால் நட்சத்திரமீன் தெரியும்.