குறுந்தொகைப் பாட்டில் ஒரு சீர் குறைந்தபோது

குறுந்தொகை 40ஆம் பாட்டை, அதான் ‘யாயும் ஞாயும்’, ஒரு பெண் குரலுக்கும் சின்ன ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் இசையமைத்தேன். ஐந்தே அடிதானே என்று நினைத்தேன், மூன்று வாரம் இழுத்தது. சீருக்கு (அடியின் ஒரு துண்டு) ஒரு பார் (இசையில் ஒரு தாள அளவு) என்று வைத்ததால் முதல் மூன்று அடிகள் நாலு நாலு பாராக அழகாக உட்கார்ந்தன. நாலாவதான ‘செம்புலப் பெயனீர் போல’ மட்டும் இடித்தது. இந்தப் பாட்டின் யாப்பான நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தைய அடி, முச்சீராக வரும் என்று பள்ளியில் படித்ததுதான், ஆனால் பியானோ முன்னால் உட்கார்ந்தால் எங்கே நினைவு வருகிறது! ‘போல’வை இரண்டு பாருக்கு இழுத்திருந்தேன், பாடியவருக்கு மூச்சு முட்டியது, அதுவும் ‘ல’ குறில், நீட்டினால் ‘போலா’ என்று கேட்கிறது. சரி என்று அந்த நாலாவது பாரில் குரலை நிறுத்திவிட்டு, செல்லோக்களுக்கு மட்டும் மெல்லக் கீழிறங்கும் ஒரு வரி கொடுத்தேன், மழைநீர் செம்மண்ணுக்குள் இறங்குகிற மாதிரி.

அப்புறம், முதல் வயலின்கள் குரலோடு அதே சுரத்தில் கூடவே வந்ததால் சொல்லே கேட்கவில்லை. அவற்றை எடுத்துவிட்டு வயோலாக்களைக் கீழ் ஸ்தாயியில் பிட்ஸிகாட்டோவாக (வில் இல்லாமல் விரலால் தந்தியைச் சுண்டி) வாசிக்க வைத்ததும் ‘ஞாயும்’ தெளிவாக விழுந்தது. ‘கலந்தனவே’யின் ஏகாரத்தை மட்டும் ஆசை தீர நீட்டியிருக்கிறேன், அது நெடில், தாங்கும்.