புல்வெளியில் ஒரு ஸ்வாம்ப் ப்ளூஸ் கச்சேரி: டர்பனில் ஏற்பாடு செய்வோருக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தமிழ்ச் சங்கங்களுக்குத் திறந்தவெளி நிகழ்ச்சி புதிதன்று. காவடியும் தீமிதியும் நடத்திப் பழகிய நமக்குப் பந்தல் போடவும் கூட்டத்தை ஒழுங்குபடுத்தவும் யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் நாதஸ்வரமும் தவிலும் ஒலிபெருக்கி இல்லாமலே தெருக்கோடி வரை கேட்கும் வாத்தியங்கள். அந்தப் பழக்கத்தோடு, சுற்றுப்பயணம் வரும் ஒரு ஸ்வாம்ப் ப்ளூஸ் கிட்டார் கலைஞரை மேடையேற்றினால், அவருடைய இசையில் கேட்க வேண்டியது எதுவோ அதுவே காதில் விழாமல் போய்விடும்.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், பேட்டன் ரூஜ் நகரைச் சுற்றி 1950களில் உருவான பாணி இது. ஜே மில்லர் என்ற தயாரிப்பாளர் க்ரௌலி என்ற சிற்றூரில் வைத்திருந்த ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிவான பாடல்களை, நாஷ்வில்லின் எக்ஸெல்லோ நிறுவனம் இசைத்தட்டுகளாக வெளியிட்டது. லைட்னின் ஸ்லிம், லேசி லெஸ்டர், ஸ்லிம் ஹார்ப்போ ஆகியோர் இதன் முன்னோடிகள். அவசரமில்லாத தாளம், ஹார்மோனிகா, எதிரொலி, அலைபோல் ஏறி இறங்கும் கிட்டார் நாதம் ஆகியவை சேர்ந்ததே இதன் சாயல். சுரங்களுக்கு நடுவே விடும் இடைவெளிக்கும் இங்கே சுரங்களின் மதிப்பு உண்டு. ஆகவே உங்கள் ஏற்பாடுகள் அனைத்தும் அந்த இடைவெளியைக் காப்பதற்காகவே இருக்கட்டும்.

நாளைப் பொறுத்தவரை மே முதல் ஆகஸ்ட் வரை, அதாவது நம் குளிர்காலம், நல்ல காலம். கோடையில் மாலை இடிமழை எப்போது வருமென்று சொல்ல முடியாது. புழுக்கத்தில் கிட்டாரின் சுருதியும் நிற்காது. ஜூனில் மாலை 5 மணிக்குச் சற்றுப் பின்னர் சூரியன் மறைந்துவிடும் என்பதால், பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கினால் குழந்தைகளோடு வருபவர்களும் முழுவதும் இருந்து கேட்கலாம். குளிர்காலத்திலும் தென்மேற்குக் காற்று திடீரென்று மழையோடு வந்து சேர்வது நம் ஊர் வழக்கம். எனவே மேடையின் தென்மேற்குப் பக்கத்தைத் தார்ப்பாயால் இறுகக் கட்டிவிட வேண்டும்.

காகித வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுக் கலைஞருக்குத் தரும் ஊதியத்தில் 15 சதவீதத்தை வரியாகப் பிடித்து, அடுத்த மாத இறுதிக்குள் வருவாய்த் துறையிடம் செலுத்துவது உங்கள் பொறுப்பு. ஒப்பந்தம் செய்த 14 நாட்களுக்குள் அத்துறைக்குத் தெரிவிக்கவும் வேண்டும். சுற்றுலாப் பயணியாக வந்து இங்கே ஊதியம் பெற முடியாது என்பதால், அவருக்குக் குறுகிய கால வேலை அனுமதியை முன்னதாகவே கேட்டுப் பெறுங்கள். பாடல் உரிமைக்கு சாம்ரோ அமைப்பின் உரிமம் தேவை. இரண்டாயிரம் பேர் கொள்ளும் இடமானால் 2010ஆம் ஆண்டின் நிகழ்ச்சிப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். முதல் முறை நடத்துபவர்கள் முந்நூறு பேருக்கு மேல் ஆசைப்பட வேண்டாம் என்பது என் கருத்து. இந்த இசைக்கும் அதுவே பொருத்தமான அளவு.

மிகுந்த கவனம் வேண்டியது மின்சாரத்தில்தான். அமெரிக்காவில் மின்னழுத்தம் 120 வோல்ட், அலைவெண் 60 ஹெர்ட்ஸ். நம்முடையது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். கலைஞர் கொண்டுவரும் வால்வு ஆம்பை, அதாவது வெற்றிடக் குழாய்களால் கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டியை, நம் மூன்று உருண்டைக் கம்பி பிளக்கில் வடிவத்தை மட்டும் மாற்றும் அடாப்டரைப் பொருத்தி நேராகச் செருகினால், ஒரு நொடியில் புகை வரும். கோயில் விழா ஒன்றில் ஒரு கீபோர்டு இப்படிக் கருகியதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், செருகியவனும் நான்தான். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்குமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்கு மட்டுமே செய்யப்பட்ட பழைய ஆம்ப் இங்கே கூடுதலாகச் சூடேறும். அதைவிட, 230 வோல்ட்டில் இயங்கும் சிறிய வால்வு ஆம்ப் ஒன்றை இங்கேயே வாடகைக்கு எடுப்பது நல்லது. 15 முதல் 20 வாட் வரை போதும்.

அந்த ஆம்பில் ட்ரெமொலோ, அதாவது ஒலியின் அளவை ஏற்றி இறக்கும் வசதி, கட்டாயம் இருக்க வேண்டும். இதில் ஒரு பெயர்க் குழப்பம் உண்டு: ஃபெண்டர் ஆம்புகள் பலவற்றில் இவ்வசதிக்கு வைப்ராட்டோ என்று எழுதியிருக்கும், அதே நிறுவனத்தின் கிட்டாரில் ட்ரெமொலோ என்று அழைக்கப்படும் கைப்பிடியோ சுருதியை அசைப்பது. வாடகைக் கடையில் பெயரைக் கேட்டு ஏமாறாமல், வாசித்துக் காட்டச் சொல்லிக் காதால் உறுதி செய்யுங்கள்.

கிட்டார் கம்பியில் கையும் மைக்கில் உதடுமாக நிற்பவருக்கு, அவ்விரண்டும் வெவ்வேறு இணைப்பிலிருந்து மின்சாரம் பெற்று ஒன்றின் எர்த் பழுதாகியிருந்தால், உயிருக்கே ஆபத்து. ஆகவே ஆம்பும் மிக்ஸரும் ஒரே இணைப்பிலிருந்து, மின்கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் கருவி வழியாகவே மின்சாரம் பெற வேண்டும். ஹம் என்ற இரைச்சலைப் போக்க எர்த் கம்பியைக் கழற்றிவிடும் பழக்கம் சில ஒலியமைப்பாளர்களிடம் உண்டு. அதை எக்காரணம் கொண்டும் அனுமதிக்காதீர்கள்.

மேடை ஒலிபெருக்கிகளை அலறவிடாமல், சுமார் 40 மீட்டர் தொலைவில் இன்னொரு சிறிய இணையை வைத்தால் பின்வரிசையும் தெளிவாகக் கேட்கும். ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 2.9 மில்லிநொடி ஆகும். எனவே பின்னிணைக்கு 117 மில்லிநொடி தாமதம் கொடுத்து, அதன்மேல் பத்து மில்லிநொடி சேர்த்தால், ஒலி மேடையிலிருந்தே வருவதாகக் காது நம்பும். பொழுது சாய்ந்து தரை குளிரும்போது ஒலி கீழ்நோக்கி வளைந்து நெடுந்தூரம் செல்லும் என்பதையும் நினைவில் வையுங்கள். பிற்பகலில் புகார் சொல்லாத பக்கத்துத் தெருக்காரர் ஆறு மணிக்கு வந்து நிற்பது இதனால்தான்.

பன்னி சாவ் (ரொட்டிக்குள் கறிக்குழம்பு) விற்கும் கடையையும் அதன் ஜெனரேட்டரையும் மேடையிலிருந்து விலக்கி, காற்று போகும் திசையில் வையுங்கள். ஒலிச் சோதனையில் முதலில் கிட்டார் ஆம்பை மட்டும் வைத்து, கலைஞர் விரும்பும் அளவில் நிறுத்திவிட்டு, பிறகே குரலையும் ஹார்மோனிகாவையும் அதற்கு ஏற்றபடி உயர்த்த வேண்டும். மேளத்தில் தொடங்கினால் மற்ற அனைத்தும் அதோடு போட்டியிடத் தொடங்கிவிடும். கச்சேரி முடிந்ததும் ஆம்பை அணைத்துவிட்டு, கால் மணி நேரமாவது அசைக்காமல் விட்டு, வால்வுகள் ஆறிய பின்னரே வண்டியில் ஏற்றுங்கள்.