இத்தாலிக்கு முதல் தடவை: எங்கே தங்குவது, எங்கே போய்விட்டுத் திரும்புவது

முதல் தடவை இத்தாலி போகிறவர்கள் எழுதிக்கொண்டு வரும் பட்டியல் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ரோம், வாட்டிகன், பொம்பெய், பிளாரன்ஸ், பீசா, வெனிஸ், மிலான். ஓரத்தில் பிறகு சேர்த்த அமால்ஃபி. கையில் இருப்பதோ பத்து ராத்திரி. வில்லாபுரத்தில் இருக்கும் என் தங்கை மகளும் அப்படி ஒரு தாளோடுதான் வந்தாள். "பெரியம்மா, தினம் ஒரு ஊர்னு போட்டா எல்லாம் முடிஞ்சிரும்ல?" என்றாள். முடியும்தான். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிற ரயில் அங்கே இருக்கிறது. ஆனால் கூட வருகிற மாமியாருக்கு முழங்கால் வலி, பையனுக்கு ஏழு வயது. அவளை உட்காரவைத்துச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

நான் மதுரை ஜங்ஷனில் முன்பதிவு கவுண்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மகன் இத்தாலியில் வேலையில் இருப்பதால் நானும் வீட்டுக்காரரும் அங்கே போய்வருவதுண்டு. ரயில் கணக்கு எனக்குக் கைவந்தது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ரோமிலிருந்து பிளாரன்ஸ் ஒன்றரை மணி நேரம் என்று போட்டிருக்கும். அது வண்டி ஓடுகிற நேரம் மட்டும்தான். பெட்டியோடு ஊர் மாறும் நாளை யோசித்துப் பாருங்கள். காலையில் மூட்டை கட்ட வேண்டும், பத்து பதினொரு மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும், ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர வேண்டும். அந்தப் பக்கம் இறங்கினால் புது அறை மதியம் இரண்டு மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். அதுவரை பெட்டியை எங்கே வைப்பது என்ற கவலை வேறு. ஆக, ஓட்டல் மாறும் ஒவ்வொரு தடவையும் அரை நாள் போச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு தடவை மாறினால் இரண்டு முழு நாள். பெட்டியை அறையிலேயே விட்டுவிட்டுக் கைப்பையோடு போய்த் திரும்பினால் இந்தச் சங்கடம் எதுவும் இல்லை. ஆனால் போக, வர என்று பயணம் இரண்டு மடங்கு. அதனால் நான் வைத்திருக்கும் அளவு இது: தங்கும் அறையின் வாசலிலிருந்து அங்கே பார்க்க வேண்டிய இடத்தின் வாசல் வரை ஒன்றரை மணி நேரத்துக்குள் என்றால் பகலில் போய்வரலாம். அதைத் தாண்டினால், அங்கேயே தங்க வேண்டும்; இல்லையென்றால் இந்தத் தடவை விட்டுவிட வேண்டும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது, அந்த ஊர் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எப்படி இருக்கும் என்பது. நம் ஊருக்கு வருகிறவர்களையே பாருங்கள். காலையில் வந்து இறங்கி, மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் பார்த்துவிட்டு மதியமே ராமேஸ்வரம் கிளம்பிவிடுகிறார்கள். ராத்திரி சுவாமியின் பாதங்களைப் பல்லக்கில் வைத்து மேளத்தோடு அம்மன் சன்னதிக்குக் கொண்டுபோகும் பள்ளியறை பூஜை அவர்கள் கண்ணில் படாமலே போகிறது. சில ஊர்களை ராத்திரி தங்கினால்தான் பார்த்ததாக அர்த்தம். சில ஊர்களில் பகலில் ஒரு கோபுரமோ இடிபாடோ பார்த்தால் போதும், குறை இல்லை.

வெனிஸ் கண்டிப்பாகத் தங்க வேண்டிய ஊர். பகலில் பஸ்ஸிலும் ரயிலிலும் கப்பலிலும் வந்து கொட்டுகிற கூட்டம் சான் மார்கோ சதுக்கத்தில் தோளோடு தோள் இடிக்கும். ஐந்து ஆறு மணிக்கு அவர்கள் கிளம்பினதும் ஊர் வேறு மாதிரி ஆகிவிடும். சந்துகளில் பிள்ளைகள் பந்து உதைப்பார்கள், கால்வாய்ப் படியில் தண்ணீர் மோதுவது காதில் விழும், ஒரு பாலத்தில் நின்று வேண்டுமட்டும் பார்க்கலாம், யாரும் பின்னாலிருந்து தள்ள மாட்டார்கள். பகல் கூட்டம் தாங்காமல் அந்த நகராட்சியே 2024 ஏப்ரல் 25 முதல் பகலில் வந்து திரும்புகிறவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்க ஆரம்பித்தது. 2025-ல் 54 நாட்களுக்கு அந்தக் கட்டணம் இருந்தது. முன்கூட்டியே கட்டினால் 5 யூரோ, கடைசி நேரத்தில் 10 யூரோ. ராத்திரி தங்குகிறவர்களுக்கு அது கிடையாது, ஓட்டலில் வாங்கும் தங்கும் வரி மட்டும்தான். ஆனால் விலக்குக்கு இணையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும், அதை மறக்க வேண்டாம்.

வெனிஸில் இரண்டு ராத்திரிக்குக் குறையாமல் போடுங்கள். தண்ணீருக்கு இந்தப் பக்கம் மெஸ்த்ரேயில் அறை வாடகை குறைவு, ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். இருந்தாலும் மற்ற இடங்களில் கொஞ்சம் மிச்சம் பிடித்து, இங்கே தீவுக்குள்ளேயே தங்குங்கள் என்றுதான் சொல்வேன். இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ரயிலில் மெஸ்த்ரேயில் இறங்கிவிடாமல் கடைசி ஸ்டேஷனான சாந்தா லூசியா வரை போக வேண்டும். அப்புறம், அங்கே 400-க்கும் மேல் பாலங்கள், பெரும்பாலானவற்றில் படிக்கட்டு. படகுத் துறையிலிருந்து அறைக்குப் பாலம் குறுக்கே வருகிறதா என்று முன்பதிவுக்கு முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். முழங்கால் வலிக்காரரும் இருபத்தைந்து கிலோ பெட்டியும் சேர்ந்து ஒரு பாலம் ஏறுவதே பெரிய பாடு.

பீசா இதற்கு நேர் எதிர். கோபுரம், அதன் பக்கத்திலுள்ள பேராலயம், புல்வெளி, அவ்வளவுதான் முக்கியமாகப் பார்க்க வேண்டியது. பிளாரன்ஸிலிருந்து சாதாரண ரயிலில் ஒரு மணி நேரம். பீசா சென்ட்ராலேயில் இறங்கினால் கோபுரத்துக்கு அரை மணி நேரம் நடக்க வேண்டியிருக்கும். லூக்கா பக்கம் போகும் வண்டி நிற்கிற சான் ரொசோரேயில் இறங்கினால் கூப்பிடு தூரம். எட்டு வயது ஆகாத பிள்ளைகளைக் கோபுரத்தின் மேல் ஏற விடமாட்டார்கள். தங்கை மகளிடம் இதைச் சொன்னதும் பையன் முகம் வாடிவிட்டது. அவனுக்காகத்தான் அதே நாளில் லூக்காவையும் சேர்த்துவிட்டேன். பீசாவிலிருந்து அரை மணி நேரம். ஊரைச் சுற்றி நான்கு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே பழைய கோட்டைச் சுவர் இருக்கிறது. சுவரின் மேல் மரங்கள் வைத்து அகலமான பாதை போட்டிருக்கிறார்கள், வாடகை சைக்கிளில் ஒரு சுற்று வந்துவிடலாம். மாமியார் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து காற்று வாங்கட்டும்.

ஆக, பத்து ராத்திரிக்கு என் கணக்கு ரோமில் நான்கு, பிளாரன்ஸில் மூன்று, வெனிஸில் மூன்று. விமானம் ரோமில் இறங்கி வெனிஸிலிருந்து திரும்புகிற மாதிரி டிக்கெட் எடுங்கள். ஒரே ஊருக்குப் போய் அதே ஊரிலிருந்து திரும்புவதாக எடுத்தால் கடைசியில் ஒரு நாள் வந்த வழியே ஓட வேண்டியிருக்கும். மிலானை முதல் தடவைக்கு விட்டுவிடுங்கள். அமால்ஃபி கடற்கரையை ரோமிலிருந்து ஒரே நாளில் பார்க்கிறேன் என்று கிளம்பினால் பஸ் ஜன்னலைத்தான் அதிகம் பார்க்க வேண்டியிருக்கும்.

எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன பழைய ரோமானிய நகரமான பொம்பெய்தான், பலருக்கு விட மனசு கேட்காத இடம். ரோமிலிருந்து நேப்பிள்ஸ் வேக ரயிலில் ஒரு மணி பத்து நிமிடம். அங்கிருந்து கீழ்த்தளத்துக்கு இறங்கி, சிர்கும்வெசுவியானா என்கிற உள்ளூர் ரயிலில் இன்னும் முப்பத்தைந்து, நாற்பது நிமிடம். வாசலிலிருந்து வாசலுக்கு இரண்டரை மணி நேரம் ஆகிவிடும். உள்ளே 66 ஹெக்டேர், அதில் மூன்றில் இரண்டு பங்கு தோண்டியிருக்கிறார்கள். நிழல் குறைவு, கால் பிரளுகிற கருங்கல் தெரு. சரித்திரத்தில் உயிரையே வைத்திருக்கிறவர்கள் ரோமில் ஒரு ராத்திரியைக் குறைத்து, வெனிஸில் ஒன்றைக் குறைத்து, நேப்பிள்ஸில் இரண்டு ராத்திரி தங்கலாம். அப்படிப் போனால் அங்குள்ள தேசிய அருங்காட்சியகத்தையும் விடாதீர்கள். பொம்பெயில் 1938-ல் கிடைத்த, இந்தியாவில் செய்த தந்தப் பெண் உருவம் அங்கேதான் இருக்கிறது.

மற்றவர்களுக்கு நான் மனப்பூர்வமாகச் சொல்வது ஒஸ்தியா அந்திகா. பழைய ரோமின் துறைமுகம். பிரமிதே மெட்ரோ பக்கத்திலிருந்து உள்ளூர் ரயிலில் அரை மணி நேரம், நகர மெட்ரோ டிக்கெட்டே செல்லும். பொம்பெய் மாதிரியே தெருக்கள், குளியல் கூடங்கள், நாடக அரங்கு, ஆனால் கூட்டம் குறைவு. அரங்குக்குப் பின்னால் ஒரு சதுக்கம் இருக்கிறது. கடல் வாணிகம் செய்தவர்களின் அலுவலகங்கள் அங்கே வரிசையாக இருந்திருக்கின்றன. ஒவ்வொன்றின் முன்னாலும் தரையில் கறுப்பு வெள்ளைக் கல் பதித்து அவரவர் தொழிலைக் காட்டியிருக்கிறார்கள்: கப்பல், கலங்கரை விளக்கம், தானியம் அளக்கும் படி. ஒரு வாசலில் யானை. வைகை கடலில் கலக்கிற இடத்துக்குப் பக்கத்தில் அழகன்குளத்தில் ரோமானியக் காசும் பானை ஓடும் தோண்டி எடுத்திருக்கிறார்கள். நம் ஆற்றங்கரைக்கு வந்த சரக்குக்கு மறுமுனையில் இப்படி ஒரு சந்தை இருந்திருக்கிறது என்று நினைத்தபடி அந்தக் கற்களைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்காரர் ரெண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் நகர்ந்தேன்.

எந்த நாளில் எங்கே போவது என்பதைக் கிழமைதான் முடிவு செய்யும். வாட்டிகன் அருங்காட்சியகம் ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும், மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறக்கும், கூட்டம் அலைமோதும். அதனால் ரோமில் ஞாயிறு வந்தால் ஒஸ்தியா போய்விடுங்கள். திங்கட்கிழமை ஒஸ்தியாவே மூடல். பிளாரன்ஸில் உஃபிஸி ஓவியக்கூடமும், தாவீது சிலை இருக்கும் அகாதெமியாவும் திங்கட்கிழமை மூடல். ஆகவே பீசா, லூக்காவைத் திங்கட்கிழமைக்கு வையுங்கள். கொலோசியத்துக்கும் வாட்டிகனுக்கும் நாளும் நேரமும் குறித்த டிக்கெட் முன்கூட்டியே எடுக்க வேண்டும். கொலோசியம் டிக்கெட்டில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்கட்டும். இந்த இரண்டையும் முதலில் காலண்டரில் குறித்துவிட்டு, மிச்ச நாட்களில் போய்வரும் இடங்களைப் பொருத்துங்கள்.

பொருத்தியதற்குப் பிறகும், பகலில் போய்வரும் பயணங்களை முன்கூட்டியே உறுதி செய்யத் தேவையில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். நாம் 60 நாளுக்கு முன்னால் முன்பதிவு திறக்கும் காலை எட்டு மணிக்குக் காத்திருந்து பழகினவர்கள். அங்கே வேக ரயிலுக்கு மட்டும்தான் அப்படி. முன்னாலேயே எடுத்தால் மலிவு. மலிவு டிக்கெட்டில் அந்த வண்டியை விட்டால் காசு போச்சு. ரோம்–பிளாரன்ஸ், பிளாரன்ஸ்–வெனிஸ் இரண்டுக்கும் அப்படி எடுத்துவிடுங்கள். பீசா, லூக்கா போன்ற இடங்களுக்கு ஓடும் சாதாரண ரயிலுக்கு முன்பதிவே கிடையாது, இன்றைக்கு எடுத்தாலும் அடுத்த மாதத்துக்கு எடுத்தாலும் அதே விலை. காலையில் எழுந்து வானத்தையும் முழங்காலையும் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். முடியவில்லையா, அன்றைக்கு ஊரிலேயே இருங்கள்.

இந்தச் சாதாரண ரயிலுக்குக் காகித டிக்கெட் எடுத்தால் ஏறுவதற்கு முன் பிளாட்பாரத்தில் சுவரிலோ தூணிலோ இருக்கும் சின்னப் பெட்டியில் அதன் நுனியைச் செருக வேண்டும். 'டர்ர்' என்று சத்தம் வந்து தேதியும் நேரமும் அச்சாகும். அச்சு விழுந்ததா என்று கண்ணால் பாருங்கள். விழாத டிக்கெட்டோடு பிடிபட்டால் அபராதம். போனில் எடுத்த டிக்கெட்டுக்கு ஏறுமுன் அதிலேயே பதிவு செய்ய வேண்டும். அறிவிப்புப் பலகையில் வண்டி கடைசியாகப் போய்ச் சேரும் ஊர்தான் பெரிதாகத் தெரியும். பீசா வண்டிக்கு லிவோர்னோ என்றுகூட போட்டிருக்கலாம், ஆகவே வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரே இடத்தில் மூன்று நான்கு ராத்திரி என்றால் சமையலறை உள்ள வீடு எடுக்கலாம். அங்கே மதியச் சாப்பாட்டுக் கடைகள் இரண்டரை மணிக்கு மூடினால் ராத்திரி ஏழு ஏழரைக்குத்தான் மறுபடி திறக்கும். பிள்ளைக்கும் பெரியவர்களுக்கும் அது ஒத்துவராது. அரிசியும் தயிரும் எல்லா சூப்பர்மார்க்கெட்டிலும் கிடைக்கும். பருப்புப்பொடியும் ரசப்பொடியும் கொண்டுபோங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் நெய்யும் வேண்டாம், பால் பொருட்களை வெளியிலிருந்து உள்ளே விடமாட்டார்கள்.

மூன்றே ஊரில் தங்குவது விசாவுக்கும் உதவும். சென்னைக்குப் போய்க் கைரேகை வைக்கும்போது ஒவ்வொரு ராத்திரியும் எங்கே தங்குகிறீர்கள் என்பதற்குச் சான்று வேண்டும். ஆறு ஓட்டல் ரசீதுக்குப் பதில் மூன்று இருந்தால் தேதி இடிக்காது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும்.

கிளம்பும் வாரத்தில் ரயில் வேலைநிறுத்தம் இருக்கிறதா என்று மகன் மாதிரி அங்கே இருக்கிற யாரையாவது கேளுங்கள், இல்லையென்றால் ரயில்வே இணையதளத்தில் பாருங்கள். அங்கே அதை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். வேலைநாளில் வேலைநிறுத்தம் என்றாலும் காலை ஆறிலிருந்து ஒன்பது வரையும், சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரையும் குறிப்பிட்ட சாதாரண வண்டிகள் கட்டாயம் ஓடும். ஊர் மாறும் நாளாக இருந்தால் நீங்கள் எடுத்த வேக ரயில் ஓடுமா என்று ரயில்வே இணையதளத்தில் பாருங்கள். போய்வரும் நாளாக இருந்தால் திட்டத்தை அடுத்த நாளுக்குத் தள்ளிவிடுங்கள்.