கோணலாக வரைந்தால் மட்டும் உணர்ச்சி வந்துவிடாது

கோணிய முகம், கொதிக்கும் சிவப்பு, முறுக்கிக்கொண்டு நிற்கும் மரங்கள். உணர்ச்சி ததும்ப வரைய ஆசைப்படுபவர்கள் முதலில் கைக்கொள்வது இவற்றைத்தான். பெரும்பாலும் சறுக்குவதும் இங்கேதான்.

எதிரில் இருப்பதைச் சரியாகப் பார்க்காமலேயே அதைச் சிதைப்பதுதான் தலையாய தவறு. ஓவியர் சைம் சூட்டின் 1919 முதல் 1922 வரை தெற்குப் பிரான்ஸின் செரே ஊரில் தீட்டிய நிலக்காட்சிகளில் வீடுகள் சரிகின்றன, மண்ணே புரளுகிறது. ஆனால் வரையும் பொருள் கண்ணெதிரில் இல்லாமல் தூரிகையை எடுக்க விரும்பாதவர் அவர். 1925 வாக்கில் உரித்த மாட்டை வரைய, முழு உடலையும் தம் அறையிலேயே தொங்கவிட்டார். நிறம் மங்கியபோது அதன்மேல் இரத்தம் ஊற்றினார்!

ஆகவே, முதலில் பாருங்கள். நிற்பவரின் எடை எந்தக் காலில் இறங்குகிறது? எந்தத் தோள் தாழ்ந்திருக்கிறது? அந்த ஒன்றை மட்டும் மிகைப்படுத்துங்கள். எல்லாவற்றையும் இழுத்துவிட்டால் எதுவுமே இழுபட்டதாகத் தெரியாது.

மனிதரை முழுதாக முடித்துவிட்டு, மீதி இடத்தை நிலத்தால் நிரப்புவது அடுத்த தவறு. உருவம் வெட்டி ஒட்டியதுபோல் துருத்திக்கொண்டு நிற்கும். வெயிலில் நிற்பவரின் தாடைக்கு அடியில் பாருங்கள்: செம்மண் தரையென்றால் அங்கே செம்மை ஏறியிருக்கும், புல்தரையென்றால் பச்சை. நிழலில் இருக்கும் தோளின் மேற்புறத்தில் வானத்தின் நீலம் படிந்திருக்கும். இவற்றைப் பிடிக்க வேண்டுமானால் தோலையும் தரையையும் ஒரே அமர்வில், ஒரே வண்ணத்தட்டிலிருந்து தீட்ட வேண்டும். உருவத்தைச் சுற்றி அறுபடாத கோடு போடுவதும் வேண்டாம். கருங்கூந்தல் இருண்ட மரத்தோடு சேரும் இடத்தில் விளிம்பு கரைந்துபோகட்டும்.

வட்டாரத்தைக் காட்டுவதற்கு அடையாளச் சின்னங்களை அடுக்குவதும் பலருக்கு வழக்கம். எனக்கு அது அஞ்சலட்டை வேலையாகவே படுகிறது. பிரெஞ்சு ஓவியர் செசான் தம் ஊருக்கு அருகிலிருந்த சேன்ட் விக்துவார் மலையைத் திரும்பத் திரும்ப வரைந்தார். ஊரைச் சொல்ல அந்தப் பாறையும் ஒளியும் அவருக்குப் போதுமாக இருந்தன. தெற்குப் பிரான்ஸின் ஆர்ல் நகரில் மிஸ்ட்ரல் என்னும் கடுங்காற்று வீசும்போது, ஓவியர் வான்கோ கித்தானைத் தாங்கும் சட்டத்தைத் தரையில் முளையடித்து நிறுத்தி வரைந்தார். அந்த நிலத்தின் இயல்பு அந்தக் காற்றிலும் இருக்கிறது.

வண்ணங்களை ட்யூபிலிருந்து வந்தபடியே கித்தான் முழுக்க அப்புகிறவர்களும் உண்டு. 1888-இல் வான்கோ தீட்டிய ‘இரவு விடுதி’யில் முக்கியமாக மோதுவது சிவப்பும் பச்சையும்தான். பத்து நிறங்கள் ஒரே நேரத்தில் கத்தினால் ஒன்றும் காதில் விழாது. மங்கிய சாம்பலுக்கும் பழுப்புக்கும் இடம் விடுங்கள்.

ஈர எண்ணெய் வண்ணத்தின்மேல் திரும்பத் திரும்பத் தேய்த்தால் அது சேறாகிவிடும். கலங்கிய இடத்தைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு, புதிய வண்ணத்தை ஒரே இழுப்பில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.