போக்கரில் அதிர்ஷ்டத்தையும் திறமையையும் பிரித்தறிவது எப்படி?

304 என்ற சீட்டாட்டம் விளையாடிப் பழகியவர்கள் டெக்சாஸ் ஹோல்டெம் போக்கருக்கு வரும்போது தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 304இல் 32 சீட்டுகளும் நால்வருக்கு எட்டெட்டாகப் போய்விடும். கேள்வி முடிந்து துரும்பு வைத்த பிறகு, கை மோசமென்று யாரும் விலகிவிட முடியாது. போக்கரிலோ ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டுகள், நடுவில் எல்லோருக்கும் பொதுவாக, படிப்படியாகத் திறக்கும் ஐந்து சீட்டுகள். பிடிக்காத கையைத் தன் முறை வரும்போது மடக்கிப் போட்டுவிடலாம். எந்தச் சீட்டு வரும் என்பது அதிர்ஷ்டம். அதைப் பார்ப்பதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று முடிவு செய்வதில்தான் திறமை இருக்கிறது.

ஓர் ஆட்டத்தில் திறமைக்கு இடமுண்டா என்று அறிய, அதில் வேண்டுமென்றே தோற்க முடியுமா என்று பாருங்கள். நுவரெலியா பஸ் நிலையத்தில் வாங்கிய லொத்தர் சீட்டுக்குப் பரிசு விழாமல் தடுக்க வாங்கியவரால் எதுவும் செய்ய முடியாது. போக்கரில் எல்லாக் கைக்கும் கண்ணை மூடிக்கொண்டு கட்டி வந்தால், கையிருப்பு கரைவதற்கு அதிக நாள் ஆகாது.

பழகுவதற்குப் பணம் வேண்டாம், புளியங்கொட்டை போதும். பணம் நடுவில் வந்தால் கணக்கு மறந்து ரோசம் முன்னுக்கு வந்துவிடும் என்பது என் எண்ணம்.

உங்கள் கையில் ஆட்டின் (ஹார்ட்ஸ்) 8, ஆட்டின் 7. நடுவில் ஆட்டின் 4, ஆட்டின் ஜாக்கி, கிளாவர் 2, இஸ்பேட் ராணி. கடைசியாகத் திறக்கும் ஐந்தாவது சீட்டும் ஆட்டினாக வந்தால் ஒரே இனத்தில் ஐந்து சேரும்; அது பலமான கை. 52 சீட்டுகள் உள்ள கட்டில் நீங்கள் பார்க்காத சீட்டுகள் 46. அவற்றில் ஒன்பது சீட்டுகள் ஆட்டின். அதாவது ஏறக்குறைய ஐந்தில் ஒரு வாய்ப்பு. எதிராளி கட்டியதையும் சேர்த்து நடுவில் 100 கொட்டைகள் இருக்க, நீங்கள் 20 கொடுத்தால் போதும் என்று வைத்துக்கொள்வோம். 46 தடவையில் 9 தடவை நூறு நூறாக 900 வரும், 37 தடவை இருபது இருபதாக 740 போகும், ஆகவே கட்டலாம். அதே சீட்டுகளுக்கு நடுவில் 120 இருந்து நீங்கள் 60 கொடுக்க வேண்டியிருந்தால், வரவு 1,080, செலவு 2,220, மடக்குவதே சரி. அதன் பிறகு திறக்கும் சீட்டு ஆட்டினாகவே இருந்தாலும், மடக்கியது தவறாகிவிடாது. எதிராளிக்கு அதைவிடப் பெரிய கை அமைவதும் உண்டு. அதை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

இதை நம்பக் கஷ்டமாக இருந்தால், மழை விடாத ஒரு பின்னேரத்தில் செய்து பாருங்கள். மேலே சொன்ன ஆறு சீட்டுகளையும், எதிராளிக்கு இஸ்பேட் ராஜா, டைமண்ட் ராஜா ஆகியவற்றையும் மேசையில் விரித்து வையுங்கள். மிச்சமுள்ள 44 சீட்டுகளையும் நன்றாகக் கலைத்து ஒன்றைத் திறந்து, ஆட்டினா இல்லையா என்று குறித்துக்கொண்டு, திரும்பக் கட்டில் சேர்த்துக் கலையுங்கள். 44 தடவை இப்படிச் செய்தால் சராசரியாக 9 ஆட்டின் வர வேண்டும். ஆனால் அண்ணனுக்கு 6, தங்கைக்கு 12 என்று வந்தாலும் வியப்பில்லை. இருவரும் செய்தது ஒரே வேலைதான். இடையிலுள்ள அந்த ஆறும் வெறும் அதிர்ஷ்டம்.

பெரிய கைகளிலும் நிலைமை இதுவே. இரண்டு ஏஸ் கிடைப்பது 221 கைகளுக்கு ஒரு தடவை. கிடைத்து, எதிரே இரண்டு ராஜா வைத்திருப்பவர் கடைசி வரை நின்றாலும், ஏறக்குறைய நூற்றுக்கு 18 தடவை ராஜாவே வெல்லும். மணிக்கு 25 கைகள் என்று வைத்தால், நான்கு மணி நேர ஆட்டத்தில் 100 கைகள்தான் வரும். ஏஸ் சோடியைக் காணாமலே எழுந்து போகும் இரவுகளே அதிகம். ஒரு போயா தின ஆட்டத்தில் வென்றவரை வல்லவர் என்பதும், தோற்றவரை மட்டம் தட்டுவதும் வீண் பேச்சு.

ஆகவே வெற்றி தோல்விக்குப் பதிலாக முடிவுகளைக் கணக்கில் எடுங்கள். கொஞ்சம் பெரிதாகக் கட்ட வேண்டி வந்த இடத்தில், கடைசிச் சீட்டு திறப்பதற்கு முன் ஒரு கொப்பியில் மூன்றைக் குறியுங்கள்: நடுவில் எவ்வளவு, நான் கொடுப்பது எவ்வளவு, எனக்கு உதவும் சீட்டுகள் எத்தனை. சீட்டு திறந்த பிறகு எழுதினால் மனம் தனக்குச் சாதகமாகக் கதை கட்டும். மாதக் கடைசியில் அதைப் புரட்டும்போது, தவறான விலை கொடுத்தும் வென்ற கைகளைத் தனியாகக் கோடிடுங்கள். தோற்ற கைகளை நாம் மறப்பதில்லை. திருத்த வேண்டிய பழக்கம் பெரும்பாலும் அந்த வெற்றிகளுக்குள்தான் ஒளிந்திருக்கும்.

மற்றவர்கள் மடக்குவார்கள் என்று நம்பி வெறுங்கையோடு மிரட்டுவதை ஆரம்பத்தில் தவிர்த்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் சளைக்காமல் கட்டுகிற ஒரு மாமா பெரும்பாலான வீட்டு ஆட்டங்களில் இருப்பார்; அவரிடம் மிரட்டல் பலிக்காது. நல்ல கை வரும்வரை பொறுத்திருந்து, வந்ததும் அதிகமாகக் கட்டுங்கள்.