சாந்தினி சௌக்கில் தலைக்கொரு தட்டு வேண்டாம்

பழைய டெல்லியின் சாந்தினி சௌக் கடைத்தெருவுக்குக் குடும்பத்தோடு சாப்பிடவே போகிறீர்களா? ஒவ்வொரு கடையிலும் நாலு பேருக்கு ஒரே ஒரு தட்டு வாங்குங்கள். கூடவே இரண்டு காலித் தொன்னை கேளுங்கள். அங்கே அதற்குப் பெயர் ‘தோனா’, கிட்டத்தட்ட நம் வார்த்தையேதான்! ஆளுக்கொரு ஸ்பூன் கைப்பையில் இருக்கட்டும்.

காரணம், அங்கே கிடைப்பதில் பாதி வயிற்றை அடைக்கிற பண்டம். பராந்தே வாலி கலி என்ற சந்தில் பராத்தாவைக் கல்லில் சுடுவதில்லை. வாணலியில் முங்க முங்கப் பொரித்து, பூசணிக்காய்க் கறியோடு வைப்பார்கள். தரீபா கலான் தெரு முனையில் விற்கும் ஜிலேபியோ விரல் தடிமன், நெய்யில் பொரித்தது. தலைக்கொன்று என்று ஆரம்பித்தால் இரண்டாவது கடையிலேயே பிள்ளைகள் கையை விரித்துவிடுவார்கள். பகிர்ந்து சாப்பிட்டால் அதே காசில் ஐந்தாறு கடை பார்த்துவிடலாம். சாந்தினி சௌக் மெட்ரோவில் இறங்கினால் எல்லாமே நடக்கிற தூரம்தான்.

உட்கார்ந்து சாப்பிடும் கடையில், அதுவும் கூட்ட நேரத்தில், ஒரு தட்டுக்கு நாலு இருக்கையைப் பிடித்தால் முகம் சுளிப்பார்கள், முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். யாருக்காவது சளி, காய்ச்சல் என்றால் தனித்தட்டுதான். அப்புறம், குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும் ‘தௌலத் கி சாட்’. அது வெறும் பால் நுரை, நாக்கில் பட்டதும் காணாமல் போய்விடும். அதை மட்டும் ஆளுக்கொன்று வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் சண்டை.